ஒரே கொட்டை, இரண்டு சாட்சி

சென்ற தை மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பரணில் கிடந்த தகரப் பெட்டியை இறக்கினோம். அம்மாவின் ஜமுக்காளம் ஒன்று, அப்பாவின் நாலு முழ வேட்டி ஒன்று, அந்துருண்டை வாசனை. வேட்டி மடிப்பெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது. அதன் மூலையில் கடுகைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு கறுப்புக் குறி. இரண்டு புள்ளி, பக்கத்தில் ஒரு கோடு.

கல்லூரியில் படிக்கும் பேரன் அதைப் பார்த்துவிட்டு, "என்ன தாத்தா, பேனா மை பட்டிருச்சா?" என்றான்.

"மை இல்லடா. அது நம்ம வீட்டு விலாசம்" என்றேன்.

அறுபது வருடத்துக்கு மேலாகியும் அந்தக் குறி மங்கவில்லை. துணிதான் நைந்துபோயிருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து மனசில் ஒரு பழைய விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். என் வயதுக்காரர்கள் பலருக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். மீதிப் பாதியை நான் மருந்தாளுநர் வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

கொட்டாம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல், இல்லாவிட்டால் கடலையும் கேழ்வரகும். அன்று ஊருக்கு ஒரு சலவைக் குடும்பம் இருக்கும். வீட்டு வீடாக அழுக்கு எடுத்து, கழுதைமேல் பொதி ஏற்றி, கண்மாய்த் துறைக்குக் கொண்டுபோய், உவர்மண் போட்டு, வெள்ளாவி வைத்து வெளுத்துக் கொண்டுவருவார்கள். ஐம்பது வீட்டுத் துணி ஒரே வெள்ளாவியில் வேகும். எல்லாம் வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு. எது யாருடையது என்று எப்படிப் பிரிப்பது? அதற்குத்தான் குறி. எழுதப் படிக்கத் தெரியாத மனிதர் ஐம்பது வீட்டுக்கும் ஐம்பது குறியை மனசில் வைத்திருந்தார்.

அந்தக் குறிக்கு மை சேங்கொட்டை. சேராங்கொட்டை என்றும் சொல்வார்கள். வடமொழியில் பல்லாதகம். மரத்தில் பார்த்தால் முந்திரி மாதிரியே ஆரஞ்சு நிறத்தில் சதைப்பற்றான பகுதி, அதன் நுனியில் கறுப்பாக, வழவழப்பாக, இதய வடிவில் ஒரு கொட்டை. எங்கள் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் வாங்குவார்கள். கொட்டையின் ஓட்டுக்குள் தேன் மாதிரி ஒரு பால் இருக்கும். ஊசியால் குத்தி, அந்தப் பாலைத் தொட்டுத் துணி ஓரத்தில் குறி போட்டு, மேலே ஈரச் சுண்ணாம்பு தடவினால் சற்று நேரத்தில் கறுத்துவிடும். பிறகு எந்தச் சோப்புக்கும், எந்த வெள்ளாவிக்கும் போகாது.

ஐரோப்பியர் இந்த மரத்துக்கு வைத்த பெயரும் சலவைத் துறையிலிருந்து வந்ததுதான். 18-ஆம் நூற்றாண்டில் லின்னேயஸின் மகன் இதற்கு 'செமிகார்ப்பஸ் அனகார்டியம்' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'செமியான்' என்றால் குறி, 'கார்ப்பஸ்' என்றால் காய். குறி போடும் காய். 'அனகார்டியம்' என்பது இதயம் போன்றது என்று பொருள்படும். ஐரோப்பிய மருந்துக் கடைக்காரர்கள் முதலில் சேங்கொட்டையைத்தான் அப்படி அழைத்தார்கள். பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் முந்திரியைக் கொண்டு வந்த பிறகு அந்தப் பெயர் முந்திரிக்கும் போயிற்று.

போலீசாருக்கும் இந்தக் குறி உதவியது. அடையாளம் தெரியாத பிணம் ஒன்று கிடைத்தால் சட்டைக் காலரையும் வேட்டி ஓரத்தையும் புரட்டிப் பார்ப்பது அந்தக் கால வழக்கம். குறி இருந்தால் அதை ஊர் ஊராகச் சலவைத் தொழிலாளர்களிடம் காட்டுவார்கள். யாராவது ஒருவர், "இது நான் போட்ட குறி" என்று சொல்லிவிட்டால் செத்தவர் எந்த வீடு என்று தெரிந்துவிடும். செத்தவர் வாய் பேசாது, துணி பேசும். துணியின்மேல் சேங்கொட்டை மெய்ச்சாட்சி. தோலின்மேல் அது வேறு மாதிரி. அதை நான் சின்ன வயதிலேயே அனுபவித்தேன்.

1961. நான் ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீட்டுக்குத் துணி வெளுத்தவர் என் தாத்தா வயதுக்காரர். ஆனால் வீட்டில் எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான். "வா", "போ" என்றுதான் பேசுவேன். அதில் தப்பு இருப்பதாக அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவர் என்னைச் "சின்னய்யா" என்பார்.

ஒரு நாள் அவர் திண்ணையில் உட்கார்ந்து புதுத் துணிகளுக்குக் குறி போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் எடுத்த புதுச் சட்டை. அதன் காலரில் உள்பக்கமாகக் குறி போட்டார். அம்மாவிடம் அழுக்கு எண்ணி வாங்க அவர் உள்வாசலுக்குப் போன நேரத்தில், முடிச்சிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துக்கொண்டு மாட்டுத் தொழுவத்துக்கு ஓடினேன். பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் கையில் மட்டும்தான் கைக்கடிகாரம் உண்டு. எனக்கும் ஒன்று வேண்டும். கருவேல முள்ளால் கொட்டையைக் குத்தி, இடது மணிக்கட்டில் வட்டம் போட்டு, முள்ளும் வாரும் வரைந்தேன். விரலாலேயே தேய்த்துக் கறுப்பாக்கினேன்.

மறுநாள் காலை கை சிவந்து வீங்கியிருந்தது. அதற்கடுத்த நாள் வட்டம் முழுக்கக் கொப்புளம். கடிகாரம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. சொறிந்த கையைக் கண்ணில் வைத்ததில் இமையும் வீங்கி ஒரு கண் மூடிக்கொண்டது. ராத்திரி பகலாக அரிப்பு.

அப்பத்தா, "இது அக்கிதான்" என்று முடிவு கட்டி, வேளார் வீட்டுக்குக் காவி எழுதக் கூட்டிப்போனார். உங்களுக்குத் தெரிந்திருக்கும், அக்கி வந்தால் வேளார் காவியில் கோடு எழுதுவார். அந்த வேளார் என் கையைப் பார்த்துவிட்டுக் காவிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ஆத்தா, அக்கி ஒரு பக்கமாக் கொத்தா வரும். இது சேங்கொட்டை வெந்தது. நான் எழுதி என்ன செய்ய?" என்றார். படிக்காத மனிதர்தான். ஆனால் எது எதனால் வந்தது என்று பிரித்துச் சொன்னார். முதல் வைத்தியம் அதுதான் என்பது எனக்குப் பின்னால் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். "சேங்கொட்டை எங்கேடா பட்டுச்சு?"

திருடினேன் என்று சொன்னால் தோலை உரித்துவிடுவார். "புதுச் சட்டையில குறி போட்டான்ல, அது பட்டுச்சு" என்றேன்.

அப்பா அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். தெருவில் நிற்க வைத்துப் பேசினார். என்னென்ன பேசினார் என்பதை இங்கே எழுத எனக்கு மனசில்லை. பெரியவர் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். எல்லாம் பேசி முடித்த பிறகு, "சின்னய்யா கையக் காட்டுங்க" என்றார். என் இடது கையைப் பார்த்தார். பிறகு வலது கையை எடுத்து விரல்களைத் திருப்பிப் பார்த்தார். அம்மாவைப் பார்த்து, "ஆத்தா, சோப்புப் போட்டு நல்லாக் கழுவி விடுங்க. நகத்துக்கடியில பால் நிக்கும், அதையும் தேச்சுக் கழுவுங்க. கொப்புளத்த உடைக்காதீங்க. தன்னால வத்தும்" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

அந்த வருஷம் அறுப்பில் களத்து நெல் அவருக்கு அப்பா கொடுக்கவில்லை. வருஷம் முழுக்க வெளுத்ததற்கு அதுதான் கூலி. மூன்று வாரத்தில் என் கை ஆறிவிட்டது. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

சட்டைக் குறியால் தோல் வேகும் என்று நான் சொன்னது பொய். ஆனால் நடக்கவே முடியாத பொய் இல்லை. பல வருடம் கழித்து வேலையில் இருந்தபோது ஒரு டாக்டர் சொல்லித்தான் இந்தச் சரித்திரம் எனக்குத் தெரிந்தது. இரண்டாம் உலகப் போர் நேரம். ஜப்பானியர் பர்மாவைப் பிடித்துவிட்டார்கள். சீனாவுக்குச் சாமான் அனுப்ப அஸ்ஸாமில் லெடோ என்ற ஊரிலிருந்து பர்மா வழியாக ஒரு சாலை போட அமெரிக்கப் பட்டாளம் வந்து இறங்கியது. அதற்குப் பக்கத்தில் மார்கரிட்டா என்ற இடத்தில் அவர்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி. 20-ஆவது ஜெனரல் ஆஸ்பத்திரி என்று பெயர். பென்சில்வேனியா பல்கலைக்கழக டாக்டர்களும் நர்சுகளும் வந்து நடத்தியது.

அங்கே சிப்பாய்கள் பிடரியிலும் இடுப்பிலும் கொப்புளத்தோடு வந்தார்கள். ஊரிலிருந்து எடுத்து வந்த நோயா, பூச்சியா, பூஞ்சையா என்று குழப்பம். வெள்ளைக்காரர்கள் 'டோபி இட்ச்' என்று ஒன்றை ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அது தொடை இடுக்கில் வரும் படை, அதற்கும் சலவைக் குறிக்கும் சம்பந்தமில்லை. கிளாரன்ஸ் லிவிங்குட் என்ற தோல் டாக்டரும் அவருடன் இருந்த இரண்டு டாக்டர்களும் கவனித்துப் பார்த்தார்கள். கொப்புளம் இருக்கும் இடத்துக்கு நேராகச் சட்டையிலும் கால்சட்டையிலும் சலவைக் குறி. 1943-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 'சலவைக் குறித் தோலழற்சி' என்று எழுதினார்கள். இன்றைக்கும் தோல் நோய்ப் புத்தகங்களில் அந்தப் பெயர் இருக்கிறது.

நம் ஊரில் கோடிப்பேர் அதே குறி போட்ட துணியைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கும்போது அமெரிக்கச் சிப்பாய்க்கு மட்டும் ஏன் வெந்தது? காரணம் அவர்கள் ஊரில் இருக்கும் ஒரு கொடி. 'பாய்சன் ஐவி' என்பார்கள். மூன்று மூன்று இலையாக வேலியிலும் மரத்திலும் படரும். அதன் பாலில் உள்ள எண்ணெய்க்கும் சேங்கொட்டைப் பாலுக்கும் நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே குடும்பத்து மரம் செடிகள். அமெரிக்கர்களில் பாதிக்கு மேல் அந்தக் கொடிக்கு ஒவ்வாமை உள்ளவர்கள். ஒரு தடவை பட்டு உடம்பு அதை விரோதி என்று எழுதி வைத்துக்கொண்டால், அப்புறம் துளி பட்டாலும் போதும். மெய்ன் மாநிலத்துத் தோட்டத்தில் சின்ன வயதில் பட்டது, அஸ்ஸாமில் சட்டைக் காலரில் வந்து நின்றது.

அந்தக் குடும்பம் பெரியது. ஜப்பானில் மரச்சாமானுக்குப் பூசும் அரக்குப் பால் தரும் மரம் அதில் ஒன்று. அந்தப் பாலில் இருக்கும் 'உருஷியால்' என்ற பொருளின் அமைப்பை 20-ஆம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியில் ரிகோ மாஜிமா என்ற ஜப்பானிய வேதியியலர் கண்டுபிடித்தார். முந்திரி அதே குடும்பம். கொல்லாங்கொட்டையைத் தீயில் வாட்டும்போது ஓட்டு எண்ணெய் தெறித்து முகத்தில் வெந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! பண்ருட்டியிலும் கொல்லத்திலும் கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். மாமரமும் அதே வம்சம்தான். நத்தத்திலிருந்தும் அழகர்கோவில் பக்கமிருந்தும் வரும் காயைக் காம்பைக் கிள்ளி அப்படியே கடித்து, பால் பட்டு உதட்டோரம் புண்ணானது எல்லா வீட்டிலும் நடந்ததுதான். அது பங்காளிச் சண்டை மாதிரி, சேங்கொட்டையின் சின்னப் பங்காளி செய்த வேலை.

நான் 1970-களின் நடுவில் அரசு வேலைக்குப் போனேன். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்து கொடுத்திருக்கிறேன். செடி பட்டு வெந்து வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வேளாரை நினைத்துக்கொள்வேன். எந்தச் செடி என்று தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது. நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். எல்லாம் மூன்று வகைக்குள் அடங்கும்.

முதல் வகை, கொட்டுகிற செடி. வேலியில் சுற்றிப் படரும் காஞ்சொறி. இலை ஓரம் ரம்பம் மாதிரி, உடம்பெல்லாம் சுணை. செந்தட்டி என்றும் சொல்வார்கள். இன்னொன்று பூனைக்காலி, பழுப்பு வெல்வெட் போர்த்த காய். கல்யாண வீட்டுப் பாயில் அதன் சுணையைத் தூவிவிட்டு வேடிக்கை பார்த்த புண்ணியவான்கள் இதைப் படிக்கிறவர்களில் இருக்கலாம். இந்த வகையில் உடனே எரியும், அரிக்கும், சில மணி நேரத்தில் அடங்கும். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் சுணை உள்ளே ஏறும். ஒட்டும் டேப்பை ஒட்டி ஒட்டி உரித்து எடுத்துவிட்டுக் கழுவ வேண்டும்.

இரண்டாம் வகை, பாலும் சாறும் சுடுகிற செடி. சதுரக்கள்ளி, திருகுகள்ளி, எருக்கு, வெள்ளைப் பூவும் பிசுபிசுக்கும் மொட்டும் உள்ள சித்திரமூலம். இவை யார் மேல் பட்டாலும் சுடும். சித்திரமூல வேரை அரைத்து மூட்டு வலிக்குக் கட்டிவிட்டு, காலையில் தோல் கழன்று வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கள்ளிப்பாலின் மற்றக் கதை நம் மாவட்டத்துக்கே தலைகுனிவு, அதை இங்கே விரிக்கவில்லை. இந்தப் பால்களில் பெரிய ஆபத்து கண்தான். வேலி வெட்டும்போது தெறித்தால் பலர் தாய்ப்பால் விடுவார்கள், விளக்கெண்ணெய் விடுவார்கள். வேண்டவே வேண்டாம். நல்ல தண்ணீரைக் கால் மணி நேரம், இருபது நிமிஷம் விடாமல் ஊற்றிக் கழுவிக்கொண்டு, நேராகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மூன்றாம் வகை, ஒவ்வாமை. சேங்கொட்டை, முந்திரி ஓடு, மாங்காய்ப் பால் இதில் சேரும். சேங்கொட்டை சுடவும் செய்யும், ஒவ்வாமையும் தரும். ஒருத்தருக்கு ஒன்றும் செய்யாது, இன்னொருத்தருக்கு உடம்பே வீங்கும். பட்டதும் தெரியாது, ஒரு நாள் இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். அதனால் பட்டது தெரிந்த நிமிஷமே சோப்பும் நிறையத் தண்ணீரும் போட்டுக் கழுவுவதுதான் பெரிய மருந்து. பெரியவர் சொன்ன மாதிரி நகத்துக்கடியையும் கழுவ வேண்டும், உடுத்தியிருந்த துணியையும் துவைக்க வேண்டும். கொப்புளத் தண்ணீர் பட்டுப் பரவும் என்பார்கள், அது தப்பு. பரப்புவது நகத்தில் நிற்கும் பால். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைப் போடலாம், காலமைன் தடவலாம். முகம், கண், மறைவிடத்தில் வந்தாலும், சீழ் பிடித்தாலும், காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம் போய்விட வேண்டும். சுண்ணாம்பு, பற்பசை, பேனா மை எதையும் பூசக் கூடாது. இந்தச் செடிகளைப் போட்டு எரிக்கவும் கூடாது, புகை நெஞ்சுக்குள் போகும். சித்த மருத்துவத்தில் சேங்கொட்டை மருந்தும்தான். ஆனால் அதைச் சுத்தி செய்யத் தெரிந்தவர் கையில்தான் அது மருந்து.

கேரளத்தில் சேங்கொட்டையின் உறவுக்கார மரம் ஒன்றால் உடம்பு தடித்தால், தான்றி மரத்தைச் சுற்றி வந்து மன்னிப்புக் கேட்கும் வழக்கம் உண்டு. கேட்டவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். கேட்காதவர்களுக்கும் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். தானாக ஆறுகிற நோய்க்கு வைத்தியர்கள் அதிகம்.

பழைய செடிகளுக்காவது இப்படி வேளார், சலவைக்காரர், நாட்டு வைத்தியர் என்று அடையாளம் சொல்ல ஆள் இருந்தார்கள். புதுசாக வந்த ஒன்றுக்கு யாரும் இல்லை. அதுதான் பார்த்தீனியம். 1956 வாக்கில் புணே பக்கம் அதைக் கவனித்து எழுதினார்கள். பி.எல். 480 திட்டத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமையோடு விதையும் வந்தது என்பது பலரும் சொல்வது. வெள்ளைப் பொட்டுப் பொட்டாகப் பூத்து, கேரட் இலை மாதிரி இலையோடு, ரோட்டோரமெல்லாம் வந்துவிட்டது. விவசாயிகளுக்குக் கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பில் தோல் தடித்துக் கறுத்துப் போகும். தொட வேண்டியதுகூட இல்லை, காய்ந்த செடியின் தூசி காற்றில் வந்து பட்டால் போதும். வருஷக்கணக்கில் சூடு என்றும் அக்கி என்றும் நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு நானே களிம்பு கொடுத்திருக்கிறேன். செடியைப் பிடுங்கும் வேலையிலிருந்து விலகாமல் களிம்பு மட்டும் பூசி என்ன பிரயோஜனம்? 1984-ல் இதைத் தின்னும் மெக்சிகோ வண்டைப் பெங்களூரில் கொண்டுவந்து விட்டார்கள். வண்டு தின்கிறது, செடியும் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1987 என்று ஞாபகம். நான் இருந்த சுகாதார நிலையத்துக்கு ஒருவரைப் போலீஸ் மெமோவோடு கூட்டி வந்தார்கள். வரப்புத் தகராறு. அண்ணன் மகன் கம்பால் அடித்தான் என்று புகார். இடது புஜத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போன கறுப்பு. அந்த அண்ணன் மகன் பட்டாளத்துக்கு ஆள் எடுப்பில் தேறி, உத்தரவுக்குக் காத்திருந்த பையன். வழக்குப் பதிவானால் வேலை போயிற்று. அது எல்லோருக்கும் தெரியும்.

டாக்டரம்மா வேலைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. காயத்தைப் பார்த்துவிட்டு, "வலிக்குதா, அரிக்குதா?" என்றார்.

"அரிப்புத்தாங்க தாங்கல."

"அடி வலிக்கும். அரிக்காது" என்றார். பிறகு, "வலது கையக் காட்டுங்க" என்றார். ஆள்காட்டி விரல் நுனியிலும் கட்டைவிரலிலும் பழுப்புக் கறை, அதில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம். புஜத்துக் கறுப்பைச் சுற்றிலும் அதே மாதிரிக் கொப்புளம். கன்றிய காயம் நாளுக்கு நாள் நீலம், பச்சை, மஞ்சள் என்று மாறும், இது அப்படியே ஒரே கறுப்பு. பார்த்ததைப் பார்த்தபடி பதிவேட்டில் எழுதினார். வழக்கு அதற்கு மேல் போகவில்லை. அந்தப் பையன் பட்டாளத்துக்குப் போனான்.

சாயங்காலம் டாக்டரம்மா மோடி எழுதிய சட்ட மருத்துவப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். 1920-ல் முதல் பதிப்பு வந்த புத்தகம், இந்தியாவில் டாக்டருக்குப் படிக்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படிப்பது. பொய்க் காயம் உண்டாக்கச் சேங்கொட்டை, சித்திரமூலம், எருக்கு மூன்றையும் பயன்படுத்துவார்கள் என்று அதில் இருக்கிறது. சென்னையில் 1849-லேயே அரசாங்கம் ரசாயனப் பரிசோதகர் ஒருவரை வைத்திருந்தது என்றும், இந்த மாதிரி விஷங்களைக் கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை என்றும் சொன்னார். "புண்ணை மட்டும் பார்க்கக் கூடாது சார். எந்தக் கை அதைப் போட்டதுன்னு விரலைப் பார்க்கணும். தானே போட்டுக்கிட்டவங்க விரல் காட்டிக்கொடுத்துரும்" என்றார்.

துணியில் மெய்ச்சாட்சி சொன்ன கொட்டை தோலில் பொய்ச்சாட்சி சொல்கிறதே என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். பாதி தூரம் வந்ததும் இறங்கி நின்றுவிட்டேன்.

1961-ல் அந்தப் பெரியவர் என் இடது கையைப் பார்த்த பிறகு வலது கையைத் திருப்பி விரல்களைப் பார்த்தாரே. குறி இருந்தது காலரில். வெந்தது மணிக்கட்டில். கறுப்பு இருந்தது என் வலது விரல் நுனியில். டாக்டரம்மா புத்தகத்தில் படித்ததை அவர் கைத்தொழிலில் படித்திருந்தார். பார்த்த அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான், "நகத்துக்கடியில பால் நிக்கும்" என்றார். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி அவரைவிட்டுப் போயிருக்கும், களத்து நெல்லும் வந்திருக்கும். என் முதுகுதான் கிழிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றத்தானா, இல்லை சொன்னாலும் தன் பேச்சு எடுபடாது என்றா? இரண்டும் இருந்திருக்கலாம்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. அவர் என் கையைப் பிடித்திருந்தபோது அவருடைய விரல்களை நான் பார்த்தேன். பத்தும் கறுப்பு. நுனியெல்லாம் வெடிப்பு. உவர்மண்ணும் சுண்ணாம்பும் சேங்கொட்டையும் சேர்ந்து அரித்த கை. சிலருக்கு இந்தப் பால் பழகிவிடும், சிலருக்கு எத்தனை வருஷமானாலும் பழகாது. அவருக்குப் பழகியதா என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. என் ஒரு கைக்கு வேளார் வீடு, அப்பாவின் கோபம், மூன்று வாரம் பள்ளிக்கூட விடுப்பு. அந்தப் பத்து விரலைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து எந்த டாக்டரும் வரவில்லை.

1987-க்கு எவ்வளவோ முன்பே பெரியவர் இறந்துவிட்டார். அப்பாவும் போய்விட்டார். அம்மா இருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே இருந்தவர் கையை நிறுத்தினார். "அந்த வருஷம் பொங்கலுக்குக்கூட அவரு நம்ம வீட்டுக்கு வரல" என்றார். அம்மா அவரை 'அவரு' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பெரியவரின் மகன் மேலூரில் இஸ்திரிக் கடை வைத்திருந்தார். அவரிடமும் போய்ச் சொன்னேன். ஒரு மூட்டை நெல்லும் கொண்டுபோயிருந்தேன். அவர் சிரித்தார். "எங்கப்பா சொன்னதே இல்லீங்களே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நெல்லு வேணாங்க. சின்ன வயசு, விடுங்க" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு மூட்டையை மறுபடி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

பேரனிடம் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். வேட்டியைத் தூக்கிப் போடலாமா என்று மருமகள் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லி மறுபடி மடித்து வைத்துவிட்டேன். இரண்டு புள்ளி, ஒரு கோடு. அவர் கையால் போட்டது. எங்கள் வீட்டில் அவருடைய எழுத்து என்று மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.